ஒரு நாள் கணக்கும் பல வருடக் கணக்கும்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை நான் பலமுறை வாசித்துவிட்டேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டு பக்கக் கடிதம்தான். அதில் ஒரு பகுதி இது:

"2009 மே மாதத்திலிருந்து கணவரைத் தேடுகிறேன். 2023இல் வந்த அஸ்வெசும பட்டியலில் என்னை 'இடைநிலை' என்று போட்டிருந்தார்கள். தற்காலிகமாக வறுமைப்பட்ட குடும்பம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். பதினான்கு வருடமாக இருப்பது எப்படி அக்கா தற்காலிகம் ஆகும்? வறுமையை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தில் எழுதுவீர்களா?"

எழுதுகிறேன் தங்கச்சி. முதலில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் கேள்வியை எனக்கு முன்பே கேட்ட ஒருவருக்கு நான் தவறான பதிலைச் சொன்னேன்.

நான் எல்லவில் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவள். இப்போது முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். 1977 கலவரத்துக்குப் பின் என் பெரியம்மாவின் குடும்பம் வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனது. ஆகவே உங்கள் பக்கத்துக் கதையும் எனக்கு வீட்டுக் கதைதான். இங்கே யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். 2023 ஜூனில் அஸ்வெசும பட்டியல் வெளியானபோதும் வந்தார்கள். நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் போன காலம் அது.

அப்படி வந்தவர்களில் மேல் லயத்து அக்கா ஒருவர். கணவர் இறந்துவிட்டார். வயதான மாமியாரும் மூன்று பிள்ளைகளும் அவரை நம்பி இருக்கிறார்கள். பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. "மேன்முறையீடு எழுதித் தாங்க டீச்சர்" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, உங்களுக்குத் தோட்டத்துச் சம்பளம் வருகிறது. வீட்டில் மின்சாரம் இருக்கிறது. எழுதினாலும் பயனில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் யோசித்தேன். முந்திய தீபாவளிக்கு அவர் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்ததை நான் கண்டிருந்தேன். அந்த ஒரு நாளைக் கொண்டு அவருடைய வாழ்க்கையை அளந்துவிட்டேன்.

ஒரு முறை வந்து பார்த்தால்

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப் பேர்'தான் விழும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. ஆனால் மாதத்துக்கு எத்தனை பேர் விழுந்தது என்பதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரண்ட காற்று வீசும். அப்போதுதான் எங்கள் தேயிலைக்கு வாசனையும் விலையும் அதிகம் என்பார்கள். ஆனால் கொழுந்து குறைந்துவிடும், பேரும் குறைந்துவிடும். பிறகு தீபாவளி முற்பணம் வரும். அந்த மாதம் வீட்டில் இறைச்சி, பலகாரம், புதுத்துணி எல்லாம் இருக்கும். அடுத்த மாதங்களில் அந்த முற்பணத்தைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள்.

இனி அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒரு தடவை வீட்டு வருமான செலவு ஆய்வு செய்கிறது. நாடு முழுவதும் சுமார் 25,000 வீடுகளைத் தெரிவு செய்து, பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்து விடுவார்கள். ஒரு வீட்டை ஒரு மாதத்தில்தான் பார்ப்பார்கள். அந்த வீட்டில் ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டு, வறுமைக்கோட்டுடன் ஒப்பிடுவார்கள். 2002இல் அந்தக் கோடு ஆளுக்கு மாதம் 1,423 ரூபா. ஒரு நாளைக்கு 2,030 கலோரி தரும் சாப்பாட்டுக்கும் மற்ற அவசியங்களுக்கும் ஆகும் செலவு அது. பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தி வருகிறார்கள்.

இது பயனுள்ள கணக்குத்தான், குறை சொல்லவில்லை. நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஆனால் அடுத்த ஆய்வில் வேறு வீடுகளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அன்று வறுமையில் இருந்தவர்தான் இன்றும் இருக்கிறாரா, அல்லது அவர் எழும்பி இன்னொருவர் விழுந்தாரா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

தோட்டப்புறத்தின் எண்களைப் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2002இல் நூற்றுக்கு 30. 2006/07இல் 32. 2009/10இல் 11.4 என்று இறங்கிவிட்டது. பின்னர் கோட்டைப் புதிய முறையில் கணித்து உயர்த்தினார்கள். 2019 ஆய்வில் தோட்டப்புறத்தில் 33.8 என்று வந்தது. லயம் அதே லயம்தான். கோடு கொஞ்சம் நகர்ந்ததும் இவ்வளவு பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆகிறார்கள் என்றால், அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக் கதை இன்னும் வேறு. 1990/91 முதல் 2002 வரை நடந்த ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை. 2006/07இல் வடமாகாணமும் திருகோணமலையும் விடுபட்டன. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 2012/13இல்தான் எல்லா மாவட்டங்களும் சேர்ந்தன. அப்படி எண்ணியதும் நாட்டிலேயே ஆகக் கூடிய வறுமை முல்லைத்தீவில் என்று தெரிந்தது: நூற்றுக்கு 28.8. அதற்கு முந்திய வருடங்களில் அங்கே வறுமை இருக்கவில்லையா? இருந்தது, எண்ண யாரும் வரவில்லை. கடிதம் எழுதிய தங்கச்சி, உங்கள் பதினான்கு வருடத்தில் முதல் சில வருடங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒன்பது வருடம் திரும்பத் திரும்ப

நீண்டகால வறுமையையும் தற்காலிக வறுமையையும் பிரித்தறிய நல்ல வழி, அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். இந்தியாவில் ஹைதராபாத்துக்கு அருகே 'இக்ரிசாட்' என்ற பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1975 முதல் அவர்கள் தென்னிந்திய, மகாராஷ்டிரக் கிராமங்களில் அதே குடும்பங்களை வருடா வருடம் பார்த்து எழுதினார்கள். ஒன்பது வருடக் கணக்கை ஆய்வாளர்கள் பிரித்தபோது, ஒன்பது வருடமும் வறுமையிலேயே இருந்தவை ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள். ஒரு வருடம்கூட வறுமைப்படாதவை எட்டில் ஒரு பங்கு. மிச்சம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வறுமைக்குள் வந்தும் போயும் இருந்தவை.

ஆகவே 'ஏழை', 'ஏழை அல்ல' என்ற இரண்டு பெட்டி போதாது. மான்செஸ்டரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகால வறுமை ஆய்வு நிலையம் ஐந்து படி சொன்னது: எப்போதும் வறுமையில் இருப்போர், பெரும்பாலும் இருப்போர், ஏறியும் இறங்கியும் இருப்போர், எப்போதாவது விழுவோர், ஒருபோதும் விழாதோர். முதல் இரண்டு படியும் நீண்டகால வறுமை. அடுத்த இரண்டும் தற்காலிக வறுமை.

இதை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது வீட்டில் பத்து மாதம் ஆளுக்கு 8,500 ரூபா செலவாகிறது. பண்டிகைக் காலத்து இரண்டு மாதம் 13,000. வருடக் கூட்டுத்தொகை 111,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 9,250. கோட்டுக்குக் கீழே. இது நீண்டகால வறுமை.

இரண்டாவது வீட்டில் எட்டு மாதம் 14,000. தொழில் படுத்த நான்கு மாதம் 5,000. கூட்டுத்தொகை 132,000. சராசரி 11,000. கோட்டுக்கு மேலே. இது தற்காலிக வறுமை.

கணக்கெடுக்கிறவர் முதல் வீட்டுக்குத் தீபாவளி மாதத்திலும், இரண்டாம் வீட்டுக்குத் தொழில் படுத்த மாதத்திலும் வந்தால் என்ன எழுதுவார்? முதல் வீடு வறுமையில் இல்லை, இரண்டாம் வீடு வறுமையில் இருக்கிறது என்று எழுதுவார். அவர் மேல் பிழை இல்லை. அவர் கண்டது ஒரு நாள்.

முதலாவது வீடு மேல் லயத்து அக்காவின் வீடு மாதிரி. இரண்டாவது, ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் என் தம்பியின் வீடு மாதிரி. தம்பி கடன் வாங்கி இரண்டு அறை கட்டி, ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டான். லீசிங்கில் முச்சக்கரவண்டியும் எடுத்தான். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆட்கள் வரவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் பெட்ரோல் இல்லை, எரிவாயு இல்லை. உலக வங்கி மதிப்பீட்டின்படி நாட்டில் வறுமை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2021இல் நூற்றுக்கு 13 பேர் என்பது 2022இல் 25 பேர் ஆனது. அப்படிப் புதிதாக விழுந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இருந்தது, உள்ளே தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது. 2024இல் ஆட்கள் திரும்பி வர, அவனும் எழும்பிவிட்டான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கவனியுங்கள். தற்காலிகம் என்றால் இலேசு என்று அர்த்தமில்லை. அந்த நான்கு மாதத்தில் தம்பி வீட்டுப் பிள்ளைகள் அக்கா வீட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். அடுத்தது, தற்காலிகம் நீண்டகாலமாக மாறலாம். தொழில் சாமானை விற்றால், நகை அடைவில் மூழ்கினால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினால், பிறகு தொழில் திரும்பினாலும் குடும்பம் திரும்பாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை அடித்து, மலைநாட்டு ரயில் பாதையும் உடைந்தபோது, தம்பி முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, இந்த முறை வண்டியை மட்டும் விக்க மாட்டேன்."

இருவருக்கும் ஒரே உதவி பொருந்தாது. விழுந்தவனுக்கு உடனடிக் காசும், கடன் தவணையைத் தள்ளிப்போடுவதும் போதும், அவனுக்கு எழும்பத் தெரியும். பல வருடமாகக் கீழே இருப்பவருக்கு மூன்று மாத உதவியால் ஆவதில்லை. வருடக்கணக்கில் நிச்சயமான உதவி வேண்டும், பிள்ளைக்குப் படிப்பு வேண்டும், சொந்தக் காணியும் வீட்டு உறுதியும் வேண்டும். நீண்டகால வறுமையில் இருப்பவருக்கு நுண்கடனைக் கொடுத்து "தொழில் செய்" என்பது, நீந்தத் தெரியாதவரின் கையில் கல்லைக் கொடுப்பது போல. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அஸ்வெசும திட்டத்தில் இந்தப் பிரிப்பு இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கமாக 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போட்டார்கள். 2023 ஜூலை முதல் இடைநிலைக்கு 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000 என்று அறிவித்தார்கள். கடைசி இரண்டு பிரிவுக்கும் மூன்று வருடம். இடைநிலைக்கு முதலில் அந்த வருட டிசெம்பர் 31 வரைதான் என்றார்கள், பின்னர் நீடித்தார்கள். 2025 ஜனவரியில் 8,500 என்பது 10,000 ஆகவும், 15,000 என்பது 17,500 ஆகவும் உயர்ந்தன.

சொத்தும் வீடும் பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. செலவு மாதத்துக்கு மாதம் மாறும், வீடும் சாமானும் சட்டென்று மாறாது. ஆனால் உங்களுடைய வீடு எப்படி வந்தது? இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கொடுத்தார்கள், மிச்சத்துக்குக் கடன்பட்டுக் கட்டி முடித்தவர்கள் எத்தனை பேர்! சுவரும் கூரையும் வசதியைக் காட்டும். உழைக்க இருந்தவர் இல்லை என்பதைச் சுவர் காட்டாது. உங்கள் வறுமை தற்காலிகமானது அல்ல தங்கச்சி. அதை யாரும் ஒரு நாளில் காண முடியாது. பல வருடக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அதை எழுத்தில் வைத்தால் மற்றவருக்கும் காட்டலாம்.

உங்கள் கொப்பி

மேல் லயத்து அக்காவின் மூத்த மகள் சாதாரண தரம் நல்லபடி சித்தியடைந்திருந்தாள். பண்டாரவளையில் உயர்தரம் படிக்க ஆசை. பஸ் காசுக்கு வழியில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் பையுடன் இறங்கிப் போனதை நான் முன்பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். அன்று இரவே அக்காவின் வீட்டுக்குப் போனேன். "உங்க மேல வருத்தம் இல்லீங்க டீச்சர். எங்க அம்மாவும் இதே காம்பராவிலதான் பொறந்தாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். அந்த ஒரு வசனத்தில் மூன்று தலைமுறைக் கணக்கு இருந்தது. நான் கேட்காமல் விட்ட கணக்கு.

2024இல் இரண்டாம் கட்டமாக விண்ணப்பம் கேட்டபோது, இருவருமாக ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினோம். நீங்களும் இப்படி எழுதலாம்.

மாதத்துக்கு ஒரு பக்கம். வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? எத்தனை நாள் வேலை கிடைத்தது? சாப்பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் எவ்வளவு செலவு? தோட்டத்து மரக்கறி, வீட்டுக் கோழி முட்டை என்றால் அதன் விலையையும் போடுங்கள். அந்தச் செலவில் எவ்வளவு கடன், முற்பணம், அடைவு என்பதைத் தனியாக எழுதுங்கள். எத்தனை நாள் ஒரு வேளை குறைத்தீர்கள்? பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, ஏன்? பற்றுச்சீட்டு, சம்பளச்சீட்டு, அடைவுச்சீட்டு இருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

கடைசிப் பக்கங்களில் பல வருடக் கணக்கு. திகதி ஞாபகமில்லை என்று கவலைப்பட வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 2004 சுனாமி, 2009 மே, 2020 கொரோனா, 2022 பெட்ரோல் வரிசை. எங்கள் பக்கத்தில் 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவையும் சேர்ப்போம். ஒவ்வொன்றின்போதும் எங்கே இருந்தீர்கள், என்ன தொழில், யார் உழைத்தார்கள், என்ன சாமான் இருந்தது, எது விற்றுப்போனது என்று எழுதுங்கள். அயலில் இரண்டு பேரை உட்கார வைத்து எழுதினால் மறந்தவையும் வரும். இந்தியாவில் அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான் கிராமங்களில் இப்படித்தான் ஊரைக் கூட்டி இருபத்தைந்து வருடக் கதையைக் கேட்டார். குடும்பங்கள் விழுவதற்கு நோயும் வைத்தியச் செலவும் முக்கிய காரணம் என்று அப்படித்தான் கண்டுகொண்டார்.

கணவரோ பிள்ளையோ காணாமற்போனவரென்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் பெற வழி உண்டு. அது மரணச் சான்றிதழ் அல்ல. அதைப் பெற்றால் தேடுவதை விட்டுவிட்டீர்கள் என்று ஆகாது. எடுப்பதும் விடுவதும் உங்கள் மனம். எடுத்திருந்தால் அதன் பிரதியையும் கொப்பியில் வையுங்கள்.

மேல் லயத்து அக்காவின் கொப்பியை அலுவலர் ஒருவர் நின்றபடியே புரட்டினார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து வாசித்தார். பின்னர் அக்காவின் பெயர் வறியோர் பிரிவில் வந்தது. கொப்பி இருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிற கேள்விக்கு அவர் தலைகுனியாமல் பதில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மகள் திரும்பி வரவில்லை. கடைச் சம்பளத்தில் தங்கச்சிக்குச் சப்பாத்து அனுப்புகிறாள். தான் படிக்க நினைத்த வகுப்பைத் தங்கச்சி படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு வருடம் முந்தி அந்த மேன்முறையீட்டை நான் எழுதிக் கொடுத்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அயலில் எழுத வாசிக்கத் தெரியாத அம்மா ஒருவர் இருந்தால், அவருக்காகவும் ஒரு கொப்பி வாங்குங்கள். நிரப்புவதில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள், அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்.